செய்ததை மறக்காத கதைகள்

மேற்கத்தியத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்ப்பவர்கள் அவற்றைப் பற்றி இவ்வளவு உருகிப் பேசுவது ஏன், போதைப்பொருள் காய்ச்சுகிறவனையும் ஆள் வைத்துக் கொல்கிறவனையும் நாயகனாக்கி அறுபது மணி நேரம் ஓட்டும் கதையில் அப்படி என்ன இருக்கிறது, ஒரு நல்ல திரைப்படம் இதையே இரண்டரை மணி நேரத்தில் சொல்லிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தணிக்கையில்லாத காட்சிகள், சினிமாவுக்கு நிகரான செலவு, தேர்ந்த நடிகர்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவை அனைத்தும் திரைப்படத்திலும் கிடைப்பவை என்பதால் உங்கள் கேள்விக்கு விடையாகா. நீளம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல இயலாது. நம் வீடுகளில் தினமும் ஓடும் நெடுந்தொடர்கள் நீளத்தில் இவற்றை எளிதாக விஞ்சிவிடும். அந்த நீளத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் ஈர்ப்பின் காரணம் இருப்பதாக நான் கருதுகிறேன். சிறந்த தொடர்களில் ஒரு பாத்திரம் செய்த காரியத்தைக் கதை மறப்பதில்லை. பார்ப்பவர் மறந்துவிட்ட பிறகும், செய்தவனே அதைப் புதைத்துவிட்டதாக நம்பிய பிறகும், பல ஆண்டுகள் கழித்து அது எழுந்து வந்து கணக்குக் கேட்கிறது.

இதை ஓர் எடுத்துக்காட்டால்தான் விளக்க முடியும். அதற்கு 'பிரேக்கிங் பேட்' தொடரின் முக்கியமான திருப்பங்களைச் சொல்லியாக வேண்டும். அதைப் புதிதாகப் பார்க்க எண்ணியிருப்பவர்கள் இந்தப் பத்தியின் மீதியையும் அடுத்த பத்தியையும், பின்னால் அற ஐயம் பற்றி வரும் பத்தியையும் தாண்டிச் சென்றுவிடலாம். 2008 முதல் 2013 வரை ஏ.எம்.சி. அலைவரிசையில் ஐந்து சீசன்களாக, 62 எபிசோடுகளாக வந்த இத்தொடரின் நாயகன் வால்டர் ஒயிட், நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரில் பள்ளி வேதியியல் ஆசிரியர். நுரையீரல் புற்றுநோய் வந்துவிட்டதை அறிந்ததும், குடும்பத்துக்குப் பணம் சேர்த்துவைக்க வேண்டும் என்று தன் பழைய மாணவன் ஜெஸ்ஸியுடன் சேர்ந்து மெத் என்னும் போதைப்பொருளைக் காய்ச்சத் தொடங்குகிறார். இரண்டாம் சீசனின் இறுதிக்கு முந்தைய எபிசோடில், ஜெஸ்ஸியின் காதலி ஜேன், அவனுக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடுக்காவிட்டால் உண்மையை வெளியிட்டுவிடுவதாக வால்டரை மிரட்டிப் பணத்தைப் பெற்றுக்கொள்கிறாள். அன்றிரவு அவர் மீண்டும் அந்த வீட்டுக்குள் நுழையும்போது இருவரும் ஹெராயின் மயக்கத்தில் கிடக்கிறார்கள். ஜெஸ்ஸியை எழுப்ப அவர் உலுக்கியதில், ஒருக்களித்துப் படுத்திருந்த ஜேன் மல்லாந்துவிடுகிறாள். சற்று நேரத்தில் அவளுக்கு வாந்தி வந்து மூச்சு அடைக்கிறது. வால்டர் பதறிக் கட்டிலைச் சுற்றி ஓடுகிறார்; அவளைப் புரட்டிவிடக் கை நீட்டுகிறார்; கை பாதியில் நின்றுவிடுகிறது. அதன்பின் அவர் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணீரோடு பார்த்துக்கொண்டே நிற்க, அவள் அடங்குகிறாள். பின்னணியில் ஒரு வசனமும் இல்லை. வால்டராக நடித்த பிரையன் கிரான்ஸ்டனின் முகத்தில் அச்சம், இரக்கம், கணக்கு, நிம்மதி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து போவதை நாம் பார்க்கிறோம்.

ஒரு திரைப்படமாக இருந்தால் இந்தக் காட்சிக்கான விளைவு அரை மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும். இங்கே அது மெதுவாகப் பரவுகிறது. ஜேனின் தந்தை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர். மகளை இழந்த துயரத்தோடு வேலைக்குத் திரும்பிய அவர் செய்யும் பிழையால் நகரின் வானத்தில் இரண்டு விமானங்கள் மோதிக்கொள்கின்றன. பாதி கருகிய, ஒற்றைக் கண் இழந்த இளஞ்சிவப்புக் கரடிப் பொம்மை ஒன்று வால்டரின் வீட்டு நீச்சல்குளத்தில் வந்து விழுகிறது. அந்தப் பொம்மை குளத்தில் மிதப்பதைக் கறுப்பு வெள்ளைக் காட்சியாக அந்தச் சீசனின் முதல் எபிசோடிலேயே காட்டியிருந்தார்கள் என்பதும், அது என்னவென்று விளங்காமலேயே நாம் அதுவரை வந்திருக்கிறோம் என்பதும் அப்போதுதான் உறைக்கின்றன. அத்துடன் முடியவில்லை. அடுத்த சீசனில், செலவைக் குறைக்க வேண்டிய நெருக்கடியால் ஏறத்தாழ முழுவதையும் ஒரே ஆய்வுக்கூடத்துக்குள் இரண்டு நடிகர்களை மட்டும் கொண்டு எடுத்த ஓர் எபிசோடு வருகிறது. ஆய்வுக்கூடத்தில் புகுந்துவிட்ட ஈ ஒன்றை அடிக்க ஜெஸ்ஸி ஏணியின் உச்சியில் நிற்கிறான். அவன் கலந்து கொடுத்த தூக்க மாத்திரையின் மயக்கத்தில் வால்டர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஜேன் இறந்த இரவைப் பற்றி அவர் பேசத் தொடங்குகிறார், வருத்தம் தெரிவிக்கிறார். இன்னும் ஒரு வாக்கியம் பேசினால் உண்மை வெளியே வந்துவிடும். ஜெஸ்ஸி அதை ஆறுதல் சொல் என்று மட்டுமே எடுத்துக்கொள்கிறான். எதுவும் நடக்காத அந்தக் காட்சியில் பார்ப்பவருக்கு ஏற்படும் பதற்றம், துப்பாக்கிச் சண்டைகளில்கூட ஏற்படுவதில்லை. இறுதியில் 2013இல், பாலைவனத்தில் ஜெஸ்ஸியைக் கொலைகாரர்களிடம் ஒப்படைக்கும் நேரத்தில், அவனை இன்னும் நோகடிக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே வால்டர் அந்த உண்மையைச் சொல்கிறார். 2009இல் ஒளிபரப்பான ஒரு மௌனத்துக்கு நான்கு ஆண்டுகள் கழித்து வந்த பதில் இது. உடன் பயணித்த பார்வையாளரும் அந்த நான்கு ஆண்டுகள் அந்த இரகசியத்தைச் சுமந்திருந்தார். இந்த அனுபவத்தை வேறு எந்தக் காட்சிக் கலையும் தர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட கதை அமெரிக்கத் தொலைக்காட்சியில் நெடுங்காலம் இயலாமல் இருந்ததற்குக் கற்பனைப் பஞ்சம் காரணமில்லை. வணிக ஏற்பாடுதான் காரணம். சி.பி.எஸ்., என்.பி.சி., ஏ.பி.சி. போன்ற பெரிய அலைவரிசைகள் விளம்பர வருமானத்தில் இயங்குபவை. ஆண்டுக்கு 22 எபிசோடுகள் அல்லது அதற்கு மேலும் எடுக்க வேண்டும். விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு திருப்பம் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தொடரின் உண்மையான இலாபம் அது நூறு எபிசோடுகளை நெருங்கிய பின் உள்ளூர் நிலையங்களுக்கு மறு ஒளிபரப்பு உரிமையை விற்பதிலிருந்து வந்தது. அந்த நிலையங்கள் எந்த எபிசோடை எந்த நாளில் வேண்டுமானாலும் போடும். எனவே ஒவ்வொன்றும் தனித்து நிற்க வேண்டும், முடிவில் எல்லோரும் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். துப்பறிவாளர் ஒருவர் இந்த வாரம் எத்தனை பிணம் பார்த்தாலும் அடுத்த வாரம் புது மனிதராக வந்து நிற்பார். 1981இல் வந்த 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்', 1990இல் வந்த 'ட்வின் பீக்ஸ்' போன்றவை இந்த வழக்கத்தை உடைக்க முயன்றன என்றாலும் அவை விதிவிலக்குகளாகவே நின்றன.

ஹெச்.பி.ஓ. சந்தாவில் இயங்கும் அலைவரிசை. அதற்கு விளம்பரதாரரின் முகச்சுளிப்பைப் பற்றிய கவலை இல்லை. சந்தாதாரர் மாதக் கட்டணத்தைத் தொடர்ந்து கட்ட ஒரு காரணம் கிடைத்தால் போதும். ஆண்டுக்குப் பதின்மூன்று எபிசோடு அளவில் நிதானமாக எழுதி எடுக்க அது இடம் கொடுத்தது. 1999 ஜனவரியில் டேவிட் சேஸ் உருவாக்கிய 'தி சொப்ரானோஸ்' அங்கே தொடங்கியது. நியூ ஜெர்சியின் மாஃபியா தலைவன் ஒருவன் திடீர்ப் பதற்ற நோயால் மயங்கி விழுந்து, மனநல மருத்துவரிடம் போகத் தொடங்குவதுதான் கதையின் தொடக்கம். அதன் ஐந்தாவது எபிசோடில், டோனி சொப்ரானோ தன் மகளைக் கல்லூரிகளைக் காட்டுவதற்காக மெய்ன் மாநிலத்துக்குக் காரில் அழைத்துச் செல்கிறான். வழியில் மகள், அப்பா மாஃபியாவா என்று நேரடியாகக் கேட்கிறாள். முதலில் மறுப்பவன் பிறகு பாதி உண்மையை ஒப்புக்கொள்கிறான். அதே பயணத்தில், முன்பு தன் கூட்டத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றி வாழும் ஒருவனைத் தற்செயலாகக் கண்டு, மகளைக் கல்லூரியில் விட்டுவிட்டுப் போய்த் தன் கையாலேயே கழுத்தை நெரித்துக் கொல்கிறான். பார்வையாளர்கள் நாயகனை வெறுத்துவிடுவார்கள் என்று ஹெச்.பி.ஓ. நிர்வாகம் அஞ்சியது. அப்படியொருவனைக் கண்டும் டோனி விட்டுவிட்டால் அவன் யார் என்று நாம் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும் என்பது சேஸின் வாதம். கொல்லப்படுபவனைச் சற்றுக் கெட்டவனாகக் காட்டுவதோடு சமரசம் செய்துகொண்டு காட்சியை வைத்தார்கள். பார்வையாளர்கள் விலகவில்லை. மகளிடம் கனிவாகப் பேசியவனும் அந்தக் கொலையைச் செய்தவனும் ஒரே ஆள்தான் என்பதை ஏற்றுக்கொண்டு, 86 எபிசோடுகளுக்கு அவனோடு நடந்தார்கள். பின்னால் வந்த தொடர்களின் துணிச்சலுக்கு அந்த ஒரு மணி நேரம் அடிக்கல் நாட்டியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இங்கே எழுத்தாளரின் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரைப்படத்தில் இயக்குநர் கையில் இருக்கும் அதிகாரம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தலைமை எழுத்தாளரிடம் இருக்கிறது. அவரை ஷோரன்னர் என்பார்கள். எபிசோடுக்கு எபிசோடு இயக்குநர்கள் மாறுவார்கள், அவர் மாறமாட்டார். ஆறேழு எழுத்தாளர்கள் மாதக்கணக்கில் ஓர் அறையில் கூடி, ஒவ்வொரு காட்சியையும் அட்டையில் எழுதிப் பலகையில் குத்தி, இந்த ஆள் இப்போது எதற்குப் பயப்படுகிறான், போன முறை பொய் சொன்னது யாருக்குத் தெரியும் என்று விவாதித்துக்கொண்டே இருப்பார்கள். கதையின் நினைவாற்றல் உண்மையில் அந்த அறையின் நினைவாற்றல்தான். 'பிரேக்கிங் பேட்' தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன், ஜெஸ்ஸி பாத்திரத்தை முதல் சீசனிலேயே சாகடிக்க எண்ணியிருந்தார். ஜெஸ்ஸியாக நடித்த ஆரன் பாலின் நடிப்பையும், கிரான்ஸ்டனோடு அவருக்கு அமைந்த இசைவையும் கண்ட பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டார். அவ்வாறு செய்திராவிட்டால் மேலே சொன்ன எந்தக் காட்சியும் பிறந்திருக்காது. படப்பிடிப்பில் கண்டதை எழுத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் இந்த வசதி, முழுத் திரைக்கதையையும் முதலில் எழுதி முடித்துவிட்டுப் படமெடுக்கும் சினிமாவுக்குக் கிடைப்பதில்லை.

தனிமனிதனின் வினையை 'பிரேக்கிங் பேட்' பின்தொடர்கிறது என்றால், ஒரு நகரத்தின் வினையை 'தி வயர்' பின்தொடர்கிறது. 2002 முதல் 2008 வரை வந்த அதன் 60 எபிசோடுகளையும் பால்டிமோர் நகரின் செய்தித்தாளில் குற்றச் செய்தியாளராக இருந்த டேவிட் சைமனும், அந்நகரக் காவல்துறையில் துப்பறிவாளராக இருந்து பின்னர் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய எட் பர்ன்ஸும் வழிநடத்தினார்கள். போதைப்பொருள் விற்கும் தெருமுனை, துறைமுகம், நகராட்சி அரசியல், அரசுப் பள்ளி, செய்தித்தாள் அலுவலகம் என்று ஒவ்வொரு சீசனும் நகரின் ஒரு புதிய பகுதியைத் திறக்கும், முந்தையவை மூடப்படமாட்டா. பள்ளியைப் பற்றிய நான்காவது சீசனை மிஞ்ச இன்றுவரை ஒரு தொடரும் வரவில்லை என்பது என் துணிபு. அதில் ராண்டி என்ற பதின்பருவத்துச் சிறுவன் ஒரு கொலை பற்றித் தனக்குத் தெரிந்ததைக் காவல்துறையிடம் சொல்லிவிடுகிறான். கார்வர் என்ற காவல் அதிகாரி, உனக்கு ஒன்றும் ஆகாது என்று வாக்களிக்கிறார். காவலர்களில் யாருடைய தீய எண்ணமும் இல்லாமல், ஒருவரின் அலட்சியமும் இன்னொருவரின் வாய்த்தவறும் சேர்ந்து, காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் தெருவில் பரவி, அவனும் அவனது வளர்ப்புத் தாயும் இருந்த வீட்டில் தீக்குண்டு வீசப்படுகிறது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ராண்டி, என்னைப் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்க, கார்வர் பதில் சொல்ல முடியாமல் நடந்து போகிறார். இதே கார்வர் முதல் சீசனில் சிறுவர்களை அடிப்பதை விளையாட்டாகக் கருதிய ஆள். அவரை இவ்வளவு தூரம் மனிதராக்கிய பிறகுதான், மனிதரானதால் மட்டும் எதையும் காப்பாற்றிவிட முடியாது என்று தொடர் காட்டுகிறது. ராண்டியை அரசு விடுதியில் விட்டுவிட்டுக் காரில் ஏறிய கார்வர் ஸ்டியரிங்கை மாறி மாறிக் குத்தும் காட்சிக்குப் பின்னால் நாற்பதுக்கும் மேற்பட்ட மணி நேரக் கதையின் எடை இருக்கிறது. ஐந்தாம் சீசனில் ராண்டி ஒரே ஒரு முறை தலைகாட்டுகிறான். அந்தப் பழைய சிரிப்பு போய், கண்ணில் கடுமை ஏறிவிட்டது. விளக்கம் எதுவும் தரப்படுவதில்லை, தேவையும் இல்லை. ஒளிபரப்பான காலத்தில் இத்தொடரைப் பார்த்தவர்கள் குறைவு. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான உயரிய விருதாகிய எம்மி ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை.

பார்வையாளர் குறைவாக இருந்தும் இத்தகைய தொடர்கள் பிழைத்ததில் தொழில்நுட்பத்துக்கும் பங்குண்டு. முதலில் டிவிடி தட்டுகளும் பின்னர் நெட்ஃபிளிக்ஸும், தவறவிட்டதை வரிசையாகப் பார்க்கும் வழியைத் தந்தன. 'பிரேக்கிங் பேட்' நான்காம் சீசனின் இறுதி எபிசோடை அமெரிக்காவில் ஏறத்தாழ 19 லட்சம் பேர் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த நிறைவு எபிசோடைப் பார்த்தவர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். இடைப்பட்ட காலத்தில் நெட்ஃபிளிக்ஸில் முந்தைய சீசன்களைப் பார்த்து வந்து சேர்ந்தவர்களே இந்த வளர்ச்சிக்குக் காரணம் என்று கில்லிகனே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கேள்விக்குள் ஓர் அற ஐயமும் இருக்கிறது: கெட்டவனோடு இவ்வளவு நேரம் இருந்தால் அவன் பக்கம் சாய்ந்துவிடமாட்டோமா? சாய்ந்துவிடுகிறோம், அதை மறுக்க முடியாது. வால்டரின் மனைவி ஸ்கைலர், கணவனின் குற்றத்தைக் கண்டு அஞ்சி, பிள்ளைகளைக் காப்பாற்றப் போராடும் பெண். அவரைத்தான் இரசிகர்களில் பெரும் பகுதியினர் வெறுத்தார்கள். அந்தப் பாத்திரத்தில் நடித்த அன்னா கன், தமக்கு எதிராகவே அந்த வெறுப்பு திரும்பியதைப் பற்றி 2013இல் நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. இது வெட்கப்பட வேண்டிய செய்தி. பார்வையாளர்களாகிய நம்மைப் பற்றிய செய்தியும்கூட. ஆனால் தொடர் அந்தச் சாய்வுக்கு உடந்தையாக நின்று முடிவடையவில்லை. ஐந்து சீசன்களாக எல்லாவற்றையும் குடும்பத்துக்காகவே செய்ததாகச் சொல்லிவந்த வால்டர், கடைசி எபிசோடில் அதே ஸ்கைலரின் எதிரில் நின்று, தனக்குப் பிடித்திருந்ததால்தான், தனக்காகத்தான் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். ஸ்கைலரை வெறுத்த இரசிகருக்கு அந்த வாக்கியம் கொடுக்கும் அடியை, முதல் நாளிலிருந்தே வால்டரை வில்லனாகக் காட்டிய ஒரு படத்தால் கொடுத்திருக்க இயலாது. நம்மை உடன்படச் செய்துவிட்டு, உடன்பட்டது எதற்கு என்று பிற்பாடு காட்டுவது நேர்மையான வழி என்றே நினைக்கிறேன். இதைப் பார்த்து வந்த பல போலித் தொடர்கள் முதல் பாதியை மட்டும் கற்றுக்கொண்டு, குற்றவாளியின் மிடுக்கை மட்டும் விற்றன என்பதும் உண்மை.

குற்றம் இல்லாமலும் இதைச் செய்ய முடியும். ஜெஸ்ஸி ஆம்ஸ்ட்ராங் உருவாக்கிய 'சக்ஸஷன்' ஓர் ஊடக முதலாளியின் பிள்ளைகள் வாரிசுரிமைக்கு மோதிக்கொள்ளும் கதை. 31 எபிசோடுகளாக எல்லோரையும் ஆட்டிவைத்த அந்தத் தந்தை, இறுதிச் சீசனின் மூன்றாவது எபிசோடில் விமானத்தில் இறந்துபோகிறார். பிள்ளைகள் அப்போது ஒரு படகில் இருக்கிறார்கள். அவருடைய காதருகே வைக்கப்பட்ட தொலைபேசியில், அவர் கேட்கிறாரா, உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமலேயே ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். அன்பைச் சொல்வதா, கோபத்தைச் சொல்வதா என்று தெரியாமல் திணறுகிறார்கள். அந்தத் திணறலின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் முந்தைய சீசன்களில் அவர் அவர்களுக்குச் செய்தது இருக்கிறது.

இப்போது வரும் தொடர்களில் இந்தக் குணம் தேய்ந்து வருவது எனக்கு உண்மையான கவலை. 2013இல் நெட்ஃபிளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் பதின்மூன்று எபிசோடுகளையும் ஒரே நாளில் வெளியிட்டதிலிருந்து, ஒரே மூச்சில் பார்த்துத் தீர்ப்பது வழக்கமாகிவிட்டது. எட்டு எபிசோடு, பிறகு நீண்ட இடைவெளி. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நான்காம் சீசனுக்கும் ஐந்தாம் சீசனுக்கும் இடையே மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அதைவிடப் பெரிய சிக்கல் எழுத்தறையில் இருக்கிறது. சிறிய குழுவைக் குறுகிய காலத்துக்கு அமர்த்தி எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு, படப்பிடிப்புக்கு முன்பே அவர்களை அனுப்பிவிடும் முறை பரவியது. 2023 மே 2 முதல் 148 நாட்கள் நீடித்த எழுத்தாளர் வேலைநிறுத்தத்தில், ஒரு தொடருக்குக் குறைந்தது இத்தனை எழுத்தாளர்கள் இத்தனை வாரங்கள் இருக்க வேண்டும் என்பது முக்கியமான கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. படப்பிடிப்புத் தளத்தில் ஓர் ஆரன் பாலைக் கண்டு கதையை மாற்ற அங்கே எழுத்தாளர் இருந்தாக வேண்டுமல்லவா?

நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால், ஐந்தே எபிசோடுகள் கொண்ட 'செர்னோபில்' தொடரில் தொடங்கலாம். அணு உலை வெடித்ததற்கு முன்னும் பின்னும் சொல்லப்பட்ட ஒவ்வொரு பொய்யும் யார் தலையில் விடிந்தது என்பதைத்தான் அதுவும் பின்தொடர்கிறது. பிறகு 'பிரேக்கிங் பேட்'. முதல் சீசன் ஏழு எபிசோடுகள் மட்டுமே. இரண்டாம் சீசன் முடியும்வரை பொறுத்துப் பாருங்கள், அதற்குள் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் பார்க்காதிருப்பது நல்லது, ஏனெனில் அவை வாரம் ஒன்றாகப் பார்ப்பதற்காக எழுதப்பட்டவை. 'தி வயர்' தொடரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பால்டிமோர் தெருப்பேச்சு எளிதில் பிடிபடாது என்பதால் வசன வரிகளை ஓடவிட்டுப் பாருங்கள்; யார் எந்தப் பக்கம் என்பது விளங்கவே நான்கைந்து எபிசோடுகள் ஆகும்.